வெள்ளைப்பூண்டும் நம் வீட்டுத் தோட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தண்டவாளம் ஒரு முழம்கூட இல்லாத இத்தீவில், இரயில்வே குமாஸ்தா ஒருவன் தோட்டத்தைப் பற்றிப் பேச எழுந்திருப்பது வேடிக்கையாக இருக்கலாம். முன்பதிவுச் சாளரத்தின் முன் நிற்கும் நம்மவர்கள், ஊர்ப்பயணத்துக்கு அடுத்தபடியாகப் பேசுவது காய்கறி விலையைத்தான். அங்கே காதில் விழுந்ததே இவ்வுரைக்கு வித்து.

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழகச் சந்தைகளிலேயே பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டிற்று. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரும் பண்டம் நமக்கு என்ன விலை விற்றிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. கப்பல் தாமதித்தால் காசு கொடுத்தாலும் கிடைப்பதில்லை. பூண்டின்றிப் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு ஏது?

ஆகவேதான் நம் காலனித் தாய்மார்கள் பலர் பூண்டுப் பற்களை மண்ணில் ஊன்றிப் பார்த்தார்கள். முளை வந்தது, தாளும் செழித்தது. நான்கு மாதம் காத்திருந்து பிடுங்கினால் அடியில் வேரன்றி வேறில்லை. “எனக்குக் கைராசி இல்லை” என்று ஓர் அம்மையார் மனம் நொந்து கூறினார். அம்மா, கைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!

ஒரு பல் பல பற்களாகத் திரள்வதற்கு முதலில் சில வாரக் குளிர் வேண்டும். பின்னர்ப் பகல் நீண்டு வெயில் ஏற வேண்டும். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களில் அக்குளிர் உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அங்கே விளைந்துதான் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரிலும் மார்கழிக் குளிர் உண்டு. நமக்கோ தை மாத இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. பகலும் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணியை ஒட்டியே நிற்கிறது. குளிர்காலத்தையே காணாத செடி தாளாகவே வளர்ந்து ஓய்ந்துவிடுகிறது. பற்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து ஊன்றுவோரும் உண்டு. சுண்டைக்காய் அளவு பூண்டுக்கு அத்தனை பாடு வேண்டாம் என்பது என் கருத்து.

தாளையே வளர்ப்போம். அதற்கும் பூண்டின் மணமுண்டு. இரசத்துக்கும் துவையலுக்கும் அது போதும். கொத்தமல்லிக்குப் பதில் பர்மா மல்லியை இட்டுப் பழகியவர்கள்தாமே நாம்!

அடியில் துளையிட்ட பழைய வாளி ஒன்று போதும். மண், மணல், மட்கிய சாணம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். பருத்த பல்லைத் தோலுரிக்காமல், கூர்முனை மேலாக, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் இது. திறந்த வெளியில் பல் அழுகும். காலை வெயில் படும் தாழ்வாரமே அதற்கு இடம். தாள் ஒரு சாண் உயர்ந்ததும் அடியில் இரண்டங்குலம் விட்டு நறுக்கினால் மீண்டும் வளரும். இரண்டு மூன்று அறுப்புக்குப் பின் தாள் மெலியும். அப்போது வேறு பல் ஊன்றுங்கள்.

பத்தியக் குழம்புக்கு மட்டும் தாள் ஈடாகாது. அதற்கு, கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் பூண்டு வாங்கிக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். அன்றாடச் சமையலுக்குத் தாள் இருந்தால் அந்தப் பூண்டு மெல்லத்தான் கரையும். அதில் முளைவிட்ட பல் தென்பட்டால் எறிந்துவிடாதீர்கள். அடுத்து வாளியில் ஊன்ற வேண்டியது அதுவே.