எக்ஸ்எல் வண்டியின் நீண்ட ஆயுள்

புதிதாக ஒரு பொருளைச் செய்து சந்தைக்கு அனுப்புவது பெரிய காரியம்தான். அதை நாற்பது ஆண்டுகள் தாண்டியும் ஓட வைப்பது அதைவிடப் பெரிய கலை என்பது என் கருத்து. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் அமர்ந்து போகும் மொபெட் நம் நாட்டில் அதுவே முதல். பெடல் வைத்த, கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி. நகரத்தில் வசதி கூடியவர்கள் பிறகு ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் மாறிப்போனார்கள். மொபெட்டின் காலம் முடிந்தது என்று கணக்குப் போட அது போதுமானதாகத் தெரிந்திருக்கும். ஆனால் பால் கேன், கீரைக்கட்டு, கேஸ் சிலிண்டர் ஏற்றுகிறவர்கள் அதை விடவில்லை. வாங்குகிறவர் மாறிவிட்டார், பயன் மாறிவிட்டது என்பதைப் புரிந்துகொண்டு வண்டியும் மாறியது. டி.வி.எஸ். 50-ன் வழிவந்த எக்ஸ்எல் வரிசையில் இழுவை கூடியது. முன்பக்கத் தட்டையான இடம் சுமைக்கென்றே நின்றது. பின்சீட்டைக் கழற்றி அங்கும் மூட்டை கட்டலாம் என்ற ஏற்பாடும் வந்தது.

பொருளுக்கும் அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று பருவங்கள் உண்டு என்பது நிர்வாகவியல் பாடம். 1965-ல் நிர்வாகவியல் அறிஞர் தியோடர் லெவிட் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதை எழுதியபோது, அடுத்த பருவத்துக்கு முன்கூட்டியே தயாராகுங்கள் என்றுதான் வலியுறுத்தினார். படித்தவர்களில் பலர் அதை ஜாதகம் போல எடுத்துக்கொண்டார்கள். 1976-ல் அதே இதழில் தல்லா, யூஸ்பெ என்ற இருவர் இந்தக் கருத்தைக் கடுமையாக மறுத்தார்கள். விற்பனை சற்றுத் தளர்ந்ததுமே முதுமை வந்துவிட்டதென்று எண்ணி, விளம்பரத்தையும் முதலீட்டையும் நிறுத்தி, நல்ல பொருளை நிர்வாகமே கொன்றுவிடுகிறது என்பது அவர்கள் வாதம். எக்ஸ்எல்லைப் பார்க்கும்போது அவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

மாசுக்கட்டுப்பாட்டு விதி விரட்டியதால்தானே எஞ்சினை மாற்றினார்கள், இதில் கலை எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பெட்ரோலோடு ஆயிலும் எரியும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் புகை கக்கியது, அது போகவேண்டியதுதான். ஆனால் விதி எல்லோருக்கும் பொது. 1972-லேயே வந்து வீடுதோறும் பேர் வாங்கிய லூனா மொபெட்டின் உற்பத்தி ஒரு கட்டத்தில் நின்றே போயிற்று. இங்கோ 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. 2020-ல் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்தபோது கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்தது. எதை மாற்றவேண்டும் என்று சட்டம் சொல்லும். எதைத் தொடக்கூடாது என்று அது சொல்லாது. கியர் இல்லாத எளிமையையும் சுமைக்கான இடத்தையும் தொடாமல் விட்டதில்தான் செய்தவர்களின் தேர்ச்சி தெரிகிறது.

லூனா 2024-ல் மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. எக்ஸ்எல்லுக்கு இனி வரப்போகும் சோதனையும் மின்சாரம்தான். பொருள் செய்யும் தொழிலில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாடலுக்கு வரைபடம் போடும் முன், ஒரு நாள் விடியற்காலையில் காய்கறிச் சந்தை வாசலில் நின்று, வண்டியில் என்னென்ன கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள்.