பழனி எழுத்தில் தேடுங்கள்

 கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, கொஞ்சம் கேளுங்கள். செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பிரியாணி வந்து இறங்கிவிட்டதாம், ஆகவே பத்து என்று வைத்துக்கொள்வோம்.

போன ஆண்டு இந்த மேடையில் பேசியவர், நம் பிள்ளைகள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று கண் கலங்கினார். அதற்கு முந்திய ஆண்டும் ஒருவர் கலங்கினார். அது நான்தான். இந்த ஆண்டு அழுகை இல்லை. என் பேத்தியின் பள்ளிக் கட்டுரையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பத்தாம் வகுப்பில் வரலாற்றுக்கு எட்டுப் பக்கம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அவள் எடுத்த தலைப்பு ‘இந்தியாவும் உணவும்’. அவ்வளவு பெரிய தலைப்பில் எட்டுப் பக்கம் அல்ல, எண்பது ஆண்டு எழுதலாம். அவள் அம்மா இணையத்தில் துழாவினாள். நல்ல கட்டுரை எதைத் தொட்டாலும் பணம் கட்டு என்று கதவு சாத்திக்கொண்டது. அவள் அப்பா, கம்ப்யூட்டரையே எழுதச் சொல்லிவிடலாமே என்றார். அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை அவளைக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். நான் அங்கே பல வருடமாகப் போகிறவன்தான். எதற்கு? பேப்பர் படிக்க, ஹீட்டர் சூட்டுக்கு. நூலகரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த அம்மாள் பேத்தியிடம் மூன்றே கேள்விதான் கேட்டார். எந்த ஆண்டுகள்? யாருடைய சாப்பாடு? உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? மூன்றாவது கேள்விக்கு அவள் விழித்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அறுபதுகளில் அமெரிக்கக் கோதுமைக்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றவன் நான்” என்றேன். அந்த அம்மாள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்த நிமிடத்தில் தலைப்பு ஒரு பத்து ஆண்டாகச் சுருங்கிவிட்டது. நான் மூல ஆதாரமாகிவிட்டேன்! இந்த வயதில் வீட்டில் கிடைக்காத பதவி.

பி.எல். 480. அந்தக் கோதுமையை அனுப்பிய அமெரிக்கச் சட்டத்தின் பெயர். ஆ, முன்வரிசையில் நரைத்த தலைகள் சிரிக்கின்றன. அந்தச் சிவப்புக் கோதுமையை எத்தனை தரம் புடைத்தாலும் கல் போகாது. பார்த்தீனியச் செடியே அந்த மூட்டையோடு வந்ததுதான் என்று ஊரில் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்கள். 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அரிசி இல்லை, இதைத் தின்னு என்றார்கள், தின்றோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்த பாதியைச் சொன்னது அந்த நூலகர்.

அந்தக் கோதுமைக்கு நம் அரசாங்கம் டாலரில் பணம் கட்டவில்லை, ரூபாயில் கட்டியது. அந்த ரூபாய் அமெரிக்கக் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்து கிடந்தது. 1958-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அதில் ஒரு பகுதிக்குப் புத்தகம் வாங்கலாம் என்றார்கள். 1962-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டெல்லியில் ஓர் அலுவலகம் திறந்து, நம் நாட்டில் அச்சாகும் புத்தகங்களைப் பல மொழிகளிலும் பல பிரதிகளாக வாங்கிக் கப்பல் ஏற்றியது. அதில் தமிழும் உண்டு. சிகாகோ, பெர்க்லி, விஸ்கான்சின், பென்சில்வேனியா என்று பல்கலைக்கழக நூலகங்களுக்கு அவை போயின. நாம் ரேஷன் கியூவில் நின்று வாங்கிய கோதுமையின் காசில், நாம் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே தமிழ்ப் புத்தகங்கள் இங்கே வந்து அலமாரியில் உட்கார்ந்துவிட்டன. நாம்தான் ஊருக்குப் போகும்போதெல்லாம் இருபத்துமூன்று கிலோ பெட்டியில் ஊறுகாயை எடுத்துவிட்டுப் புத்தகம் வைக்கலாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, அந்தப் புத்தகங்களை எடுப்பது எப்படி? இங்கேதான் நம் பிள்ளைகள் மட்டும் தனியாகப் போனால் முட்டிக்கொண்டு திரும்புவார்கள், பெற்றோர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நூலகப் பட்டியலின் பழைய பதிவுகளில் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் நாம் வாயால் சொல்கிற ஒலிப்படி அல்ல, தமிழ் எழுத்துப்படி. நமக்கு ‘ப’ ஒன்றுதானே? ஆகவே பாரதியார் கவிதைகளைப் பாஸ்டனின் முதல் ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்காது, பழனி எழுத்தில் தேட வேண்டும். சிலப்பதிகாரம் சியாட்டில் எழுத்தில் இல்லை, கலிபோர்னியா எழுத்தில் இருக்கிறது. ‘த’வுக்குப் பின்னால் எச் கிடையாது. ழகரத்துக்கு நாம் பெயர்ப்பலகையில் போடும் இசட்-எச் அங்கே செல்லாது, எல்தான். ழகரத்தை லகரமாக்கினால் அடிக்க வரும் புலவர் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்க வேண்டும். நூலகருக்குத் தமிழ் தெரியாது, பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் உட்காருங்கள்.

அந்தப் புத்தகம் இருக்கும் நூலகம் நம் ஊரில் இல்லை என்றால்? விண்ணப்பம் கொடுத்தால் வேறு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தருகிறார்கள். பணம் கேட்டு மிரட்டிய கட்டுரைகள் பலவும் நூலக அட்டை எண்ணைப் போட்டதும் திறந்துகொண்டன.

உணவுத் தட்டுப்பாட்டைப் பற்றி அந்தக் காலத்தில் சென்னையில் அச்சான ஒரு மெலிந்த புத்தகம் இரண்டு வாரத்தில் சிகாகோவிலிருந்து வந்தது. தாள் பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிர்கிறது. உள்ளட்டையில் யாரோ பென்சிலால் ‘பி.எல். 480’ என்று எழுதியிருந்தார்கள். பேத்தி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தாத்தா, இது நீங்க சாப்பிட்டதா?” என்று கேட்டாள்.

மூன்று இரவு நான் வாசிக்க வாசிக்க அவள் தட்டச்சு செய்தாள். ‘பதுக்கல்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலம் சொல்லிவிட்டேன். ‘புழுக்கல் அரிசி’யில் இருவரும் அரை மணி நேரம் திண்டாடினோம், பிறகு அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் “பக்க எண், பக்க எண்” என்று என்னை வாத்தியார் மாதிரி விரட்டினாள். அடிக்குறிப்பில் ‘மொழிபெயர்ப்பு: என் தாத்தா’ என்று போட்டிருக்கிறாள். ஆசிரியை அதை அடிக்கவில்லை.

புத்தகத்தைச் செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும், எனக்கு இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. நாளை ஞாயிறு, நூலகம் மதியம் ஒரு மணிக்குத் திறக்கும். என் காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. பின்வரிசையில் யார் வருகிறீர்கள்? செயலாளர் மணியைத் தூக்கிவிட்டார். சாப்பிடப் போகலாம்.