சொல்வதெழுதுதல் நோட்டைத் திறப்போம்



இந்த மாநாட்டின் தலைமை நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களிடம் பாடம் கேட்டவன் நான். அவர்களில் சிலர் முன்வரிசையில் இருக்க, நான் தலைமை ஏற்பது பெருமைதான். நெஞ்சு சற்றுப் படபடக்கவும் செய்கிறது.

அரசுப் பள்ளிகளில் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிதலும் துணைநிற்றலும் என்பது மாநாட்டின் பொருள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் 21 மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாகச் சேர்த்ததும், பள்ளிப் பிள்ளைகளிடையே 5 ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கச் சொன்னதும் நீங்கள் அறிந்தவை. மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் டிஸ்லெக்சியாவைக் கண்டறிய உருவாக்கிய 'டாலி' கருவி பற்றியும், குறைபாடுகளைப் பள்ளியிலேயே இனங்காண உதவும் என்.சி.இ.ஆர்.டி.யின் 'பிரசஸ்த்' செயலி பற்றியும் நாளைய கருவிகள் அமர்வில் விரிவாகப் பேசுவார்கள். நான் நெடுநாளாகத் தீராத ஒரு வழக்குக்கு வருகிறேன்.

"தமிழ் எழுதியபடியே வாசிக்கும் மொழி, நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக வராது" என்று மூத்த அறிஞர் ஒருவர் நம் கருத்தரங்குகளில் சொல்லிவந்தார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு துளியும் குறையவில்லை. கருத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. ஜெர்மனும் ஏறக்குறைய எழுதியபடி வாசிக்கும் மொழிதான். அம்மொழிப் பிள்ளைகளை ஆராய்ந்த ஹைன்ஸ் விம்மர் 1993இல் காட்டியது இதுதான்: டிஸ்லெக்சியா உள்ளவர்களும் பெரும்பாலான சொற்களைச் சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக. அப்படியானால் பிழையை மட்டும் எண்ணும் சோதனையில் அந்தப் பிள்ளை தப்பிப் போய்விடும். நேரத்தையும் அளக்க வேண்டும். அளப்பதற்குத் தமிழ்வழிப் பிள்ளைகளின் வாசிப்பு வேகம் வகுப்புவாரியாக நம் கையில் இருக்க வேண்டும். தமிழைப் போலவே நிறைய எழுத்துள்ள கன்னடத்தில், அவற்றைப் பிள்ளைகள் முழுதாகக் கைக்கொள்ளத் தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் பிடிப்பதை ஆய்வாளர் சோனாலி நாக் 2007இல் விளக்கினார். 247 எழுத்துள்ள தமிழுக்கு ஆங்கிலத்தின் கால அளவைக் கொண்டுவந்து வைப்பது அநியாயம். ஆங்கிலத்தின் 'பி', 'டி' எழுத்துகளை பிள்ளை மாற்றி எழுதுகிறதா என்று இரண்டாம் வகுப்புத் தமிழாசிரியரைக் கேட்கும் படிவத்தையும் நான் இதே கணக்கில்தான் வைக்கிறேன்.

நாம் தேடும் சான்று ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் கிடக்கிறது. சொல்வதெழுதுதல் நோட்டைச் சொல்கிறேன். ஆய்வாளர்கள் அதைச் சீண்டுவதே இல்லை. ஒரு பிள்ளை 'மழை'யை 'மளை' என்று எழுதினால் பதற வேண்டாம். அது ஊர்ப்பேச்சின் பிழை, பாதி வகுப்பு அப்படித்தான் எழுதும். இன்னொரு பிள்ளையின் பக்கத்தைப் பாருங்கள். 'கோவில்' 'கேவில' ஆகியிருக்கும். கொம்பு வந்துவிட்டது, கால் வரவில்லை, புள்ளியும் விழவில்லை. நாலு வரி தள்ளி அதே சொல் சரியாக இருக்கும். அடுத்த பக்கத்தில் மறுபடி வேறுவிதமாக உடைந்திருக்கும். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'கவனம் தேவை'. அந்தப் பிள்ளையிடம் கவனம் நிறையவே இருக்கிறது. சக பிள்ளைகள் பத்துச் சொல் எழுதி முடிக்கும் நேரத்தில் ஐந்தோடு போராடும் அதன் கையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். துணையெழுத்து விடுபடுவது, ஒரே சொல் நாளுக்கொரு விதமாக மாறுவது, மாதங்கள் போனாலும் அது தேறாதது: இந்த மூன்றையும் தேதியோடு காட்டும் ஆவணம் வேறு எங்கே இருக்கிறது?

நோட்டைப் பார்த்து டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் தகுதி ஆசிரியருக்கு இல்லை என்று மருத்துவமனை சார்ந்த நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். சான்றளிப்பது அவர்கள் பணி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல் சான்றிதழை எட்டு வயதிலிருந்துதான் அனுமதித்தது. அதாவது மூன்றாம் வகுப்பு. அதுவரை அந்தப் பிள்ளை 'மக்கு' என்ற பட்டத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் அந்த வகை. எழுத்தைச் சேர்த்து வாசிக்கத் தினம் கால்மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில், பிள்ளைகளை வயதுக்கு மட்டுமன்றிக் கற்கும் நிலைக்கும் ஏற்பப் பிரித்துக் கற்பிக்க நம் ஆசிரியர்கள் பழகியும் விட்டார்கள்.

தவறாக இனங்கண்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். டிஸ்லெக்சியா இல்லாத ஒரு பிள்ளை கொம்பும் காலும் சேர்த்து இன்னும் ஒரு மாதம் பழகினால் அதற்கு என்ன கேடு வந்துவிடும்? இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டால் வரும் கேட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மறுப்பவர்கள் நாளைய அமர்வில் எழுந்து பேச வேண்டும், வரும்போது ஒரு வகுப்பின் நோட்டுகளையாவது புரட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.