நுணுக்குக்காட்டிக்கு ஒரு கமரா

(நூற்றாண்டையொட்டி உயிரியல் ஆய்வுகூடத்துக்குக் கமராக்களைக் கையளித்தபோது நிகழ்த்திய உரை)



"இந்தக் காசுக்குப் புது நுணுக்குக்காட்டிகளையே வாங்கியிருக்கலாமே" என்று எங்களிடம் பலர் கேட்டார்கள். பழையவற்றைக் கழித்துவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. ஆனால் அவற்றின் வில்லைகள் இன்னும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம் என்பதே குறை. வரிசையில் நின்று, முறை வந்ததும் அவசரமாகக் குனிந்து, கரை கறுத்த வளிக்குமிழியைக் கலம் என்று கீறிக்கொண்டு போனவர்கள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். (யாரென்று இங்கே சொல்லமாட்டோம், சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள்.) பிள்ளை எதைப் பார்க்கிறாள் என்பது ரீச்சருக்குத் தெரிய வழியில்லை. திரையில் விழுந்தால் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கமராவைப் பொருத்துவது இலகு. பார்வைத்துண்டை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, அந்தக் குழாயில் கமராவைச் செருகி, யூ.எஸ்.பி. வயரைக் கணினியில் கொடுத்தால் போதும். குழாயின் அளவுதான் முக்கியம். பாடசாலை நுணுக்குக்காட்டிகளில் பெரும்பாலும் 23.2 மி.மீ.; கூறிட்டுப் பார்க்கும் இருகண் வகையில் 30 அல்லது 30.5 மி.மீ. ஆகவே வெளிநாட்டிலிருந்து கமரா வாங்கி அனுப்ப நினைக்கும் சகோதரிகள் முதலில் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது குழாயுள்ள வகைக்கு வேறு கமரா. அதன் திருகுமரை விட்டம் ஓர் அங்குலம்.

இன்னொன்று, மெகாபிக்சல் கணக்கைப் பார்த்து மயங்கவேண்டாம். 40 மடங்குப் பொருளி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய அரை மைக்கிரோமீற்றர். அதைப் பதிவுசெய்ய 2 மெகாபிக்சல் தாராளம். அதற்குமேல் கொடுப்பது வெறும் காசு. அந்தக் காசைச் சுருக்கும் வில்லைக்குக் கொடுக்கலாம். கமராவுக்குள் இருக்கும் உணரி மிகச் சிறியது. அரை அங்குலம் என்று விற்கப்படுவது உண்மையில் 6.4 மி.மீ. அகலமும் 4.8 மி.மீ. உயரமும்தான். நாங்கள் கண்ணால் காணும் வட்டமோ பார்வைத்துண்டுக்குள் 18 மி.மீ. வரை இருக்கும். வில்லை இல்லாவிட்டால் அந்த வட்டத்தில் எட்டில் ஒரு பங்குதான் திரைக்கு வரும், 0.5 வில்லை போட்டால் ஏறக்குறைய அரைவாசி வரும்.

படம் மஞ்சளாகத் தெரிந்தால் கமராவைக் குறைசொல்லாதீர்கள். வெறும் வழுக்கியை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யுங்கள். திரையில் பட்டி பட்டியாக ஓடினால் மின் அதிர்வெண்ணை 50 என்று மாற்றுங்கள்.

தங்கைகளே, திரையில் தெரியும் படத்துக்குக் கீழே "400 மடங்கு" என்று எழுதாதீர்கள். திரை பெரிதானால் உருவமும் பெரிதாகும். 400 என்பது கண் வைத்துப் பார்ப்பதற்கான கணக்கு. ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்த அளவுகோல் வழுக்கியை வைத்துப் படமெடுத்தால், ஒரு பிரிவு 10 மைக்கிரோமீற்றர். ஒவ்வொரு பொருளிக்கும் ஒருமுறை அப்படி எடுத்து வைத்துக்கொண்டால், றியோ இலையின் கலத்தை நீங்களே அளந்து சொல்லலாம்.

ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். ரீச்சர் மட்டும் குவியப்படுத்த, பிள்ளைகள் கதிரையில் இருந்து படம் பார்ப்பதென்றால் அதற்கு யூரியூப் போதும். வழுக்கியைத் தயாரிப்பதும் திருகைத் திருப்புவதும் பிள்ளையின் கையாகவே இருக்கட்டும். இலைவாய் மங்கலிலிருந்து மெல்லத் தெளிந்து வரும் அந்தக் கணத்தை அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். மின்சாரம் நின்றாலும், கமராவைக் கழற்றிப் பார்வைத்துண்டைத் திரும்பப் போட்டு, கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பினால் பாடம் நடக்கும். கழற்றிய பார்வைத்துண்டுகளுக்கு மூடியுள்ள பெட்டியும் கொண்டுவந்திருக்கிறோம். எங்கள் காலநிலையில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல்லை மறக்காமல் மாற்றுங்கள்.

அளவுகோல் வழுக்கி இப்போது ஒன்றுதான் இருக்கிறது. இன்னும் இரண்டு தேவை. தர விரும்பும் சகோதரிகள் தேநீர் வேளையில் எங்களிடம் சொல்லுங்கள்.