பொதியும் முதுகுப்பையும்



ஸ்ரீரங்கப்பட்டணம் என்றதும் அரங்கநாதர் ஆலயமும், காவிரியும், திப்பு சுல்தானின் கோட்டையும் நம் நினைவுக்கு வருகின்றன. அக்கோட்டையின் சரித்திரத்தில் பீரங்கிக்கு நிகரான இடம் எளிய பொருள் ஒன்றுக்கும் உண்டு. முதுகில் ஏற்றிச் செல்லும் பையே அது.

1791-ஆம் ஆண்டு மே மாதம் கார்ன்வாலிஸ் பிரபு பெருஞ்சேனையுடன் இவ்வூரை நெருங்கினார்; அரக்கெரெப் போரில் வெற்றியும் பெற்றார். ஆயினும் மழை பிடித்துக்கொண்டது. தீவனமின்றி மாடுகள் மடிந்தன. வீரர்களுக்கும் உணவு குறைந்தது. முற்றுகைக்கெனக் கொணர்ந்த பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டு அவர் பின்வாங்க நேர்ந்தது. 1792 பிப்ரவரியில் அவர் மீண்டும் வந்தபோது, தானியம் சுமந்த எருதுகளுடன் பஞ்சாரா வணிகரும் சேனையோடு வந்தனர். மார்ச் மாதத்தில் திப்பு உடன்படிக்கைக்கு இசைந்தார். அவ்வணிகர் மரபினரையே நாம் லம்பாடிகள் என்கிறோம்.

விலங்கின் முதுகில் இருபுறமும் சமனாகத் தொங்கும் சுமையை நம் முன்னோர் 'பொதி' என்றனர். மிளகுச் சுமையை இவ்வாறு தாங்கிச் சென்ற கழுதைகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. சுமைக்குப் 'பொறை' என்றும் ஒரு பெயர் உண்டு. தமிழின் பால் கன்னடத்தில் 'ஹாலு' ஆவது போல, பொறை அங்கே 'ஹொரெ' ஆகின்றது. கோணியோ இரு மொழிக்கும் பொது. ஆங்கிலேயரும் அதைக் 'கன்னி' எனத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர்.

மேனாட்டார் தம் பைகளுக்கு இட்ட பெயர்களும் சுவையானவை. 'ரக்ஸாக்' என்பது ஜெர்மன் மொழியில் முதுகுப்பை என்றே பொருள்படும். 'ஹாவர்ஸாக்' முதலில் குதிரைக்குரிய ஓட்ஸ் தானியப் பை. 'நாப்ஸாக்' என்பதில் உண்ணுதல் என்னும் பொருள் அடங்கியிருப்பதாகச் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். நமது கட்டுச்சோற்று மூட்டையின் உறவினர் எனலாம். பெயர் எதுவாயினும், பை முதலில் வயிற்றுக்காகவே பிறந்தது என்பது விளங்குகின்றது.

இன்று அப்பை நம் குழந்தைகளின் முதுகில் ஏறியிருக்கின்றது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புத்தகப்பை கனக்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கை கூறுகின்றது. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டரைக் கிலோவே எல்லை. பல குழந்தைகள் ஒரு தோளிலேயே பையை மாட்டிக்கொண்டு சாய்ந்து நடக்கின்றனர். எருதுக்குக்கூடச் சமனாகப் பொதியேற்றிய மரபு நம்முடையது. நம் பிள்ளைகளுக்கு அந்த நீதி வேண்டாமா?

பிற மாநிலங்களில் வாழும் நாம் இன்றிரவே அப்பையை ஒரு முறை நிறுத்துப் பார்ப்போம். வேண்டாத நூல்களை எடுத்து வைப்போம். இரு தோள்களிலும் மாட்டப் பழக்குவோம். அவ்வேளையில், பள்ளியில் 'ஹொரெ' என்று கற்கும் குழந்தைக்கு, அதுவே நம் 'பொறை' என்றும் சொல்லி வைப்போம். பையின் கனம் குறையட்டும். சொல்லின் செல்வம் பெருகட்டும்.