விலகி நிற்கும் பிள்ளைக்குத் துணை

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்த நம் குடும்பங்களில், பெற்றோர் தில்லியிலும் மகன் பெங்களூரிலும் வாழ்வது புதுமையன்று. மனத்தாங்கலால் பேச்சு நின்றுபோவதும் உண்டு. அவன் உண்ணாமல், உறங்காமல் அறையில் முடங்கிக் கிடக்கிறான் என்று நண்பர் வாயிலாகச் செய்தி வந்தால், நாம் செய்யத்தக்கது யாது?

பழைய வழக்கை அன்று எடுக்கலாகாது. “சாப்பிட்டாயா? நாங்கள் வரலாமா?” என்பதே முதற் சொல்லாகட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று பரிவுடன் நேரே கேட்கலாம்; கேட்பதனால் அவ்வெண்ணம் முளைத்துவிடாது. உண்டெனில், நண்பர் அவனைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தார் என்றே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது. ஆதலின் வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டா.

வயது வந்தவர் தமக்குப் பிரதிநிதியாக வயது வந்த வேறொருவரை எழுத்து மூலம் நியமிக்கவும் அச்சட்டம் உரிமையளிக்கிறது. மகன் நண்பரை நியமித்திருப்பின், ‘பெற்றவர் நாமிருக்க’ என்று வாதிடுதல் பயன் தராது. அந்நண்பருக்குத் துணைநிற்பதே நம் கடமை.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பெற்றோரும் யோசனை கேட்கலாம்.

“வர வேண்டா” என்று மகன் மறுக்கவும் கூடும். உயிருக்கு ஆபத்தில்லையெனில், வற்புறுத்தாமல், வாரம் ஒரு முறை மறுமொழி கோராத இரண்டு வரி எழுதுவோம். நம் பக்கத்துக் கதவு தாழிடப்படவில்லை என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும்.