அதிர்விலிருந்து மின்சாரம்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மோட்டாரின் அதிர்விலிருந்தே மின்சாரம் எடுக்கலாமாமே, தெருவிளக்கு எரியுமா என்று உங்களிற் சிலர் வினவினீர்கள். எரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உள்ளங்கையில் அடங்கும் இத்தகைய கருவி தருவது பெரும்பாலும் ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்கேயாகும். அதனினும் குறைவது உண்டு. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கே இவை ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆயினும், குடிநீர் மோட்டாரின் பேரிங் சூடேறுகிறதா என்று அவ்வப்போது அளந்து, கம்பியின்றிச் செய்தி அனுப்பும் சிறு கருவிக்கு அது போதும். பாட்டரி மாற்றும் வேலை மிச்சம். பேரிங் பழுதாகி மோட்டார் நின்று, மேல்நிலைத் தொட்டி வறண்டு, பெண்கள் குடத்துடன் அலையும் துன்பத்தை நாம் அறிவோம். (கிணற்றில் மூழ்கியுள்ள மோட்டாரை அன்று, மேலே நிற்கும் மோட்டாரையே இங்குக் குறிப்பிடுகிறோம்.)

கருவியின் அமைப்பு எளியது. ஒரு முனை இறுக்கப்பட்ட மெல்லிய தகடு. மறு முனையில் சிறு எடை. தகட்டின்மேல் பீசோ எனப்படும் பொருள். அது வளையும்போது மின்சாரம் பிறக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதைப் பியரி கியூரி, ஜாக் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர்.

ஊஞ்சலை நேரமறிந்து தள்ளினால்தான் அது உயர எழும். தகட்டின் இயற்கையான ஆட்டமும் மோட்டாரின் அதிர்வும் அவ்வாறே ஒத்துவர வேண்டும். இங்கேதான் சிக்கல். நிமிஷத்திற்கு 2,880 சுற்று ஓடும் மோட்டார் விநாடிக்கு 48 முறை அதிரும். வோல்டேஜ் விழுந்து சுற்று 2,800 ஆனால், அதிர்வு 47-க்கும் கீழே இறங்கும். நமக்கு இது சிறு வேறுபாடு. 48-க்கென்றே கூர்மையாகச் சுருதி கூட்டிய தகட்டுக்கோ பெரு வேறுபாடு. கிடைக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகவும் குறைந்துவிடக் கூடும்.

முனை எடையைக் கூட்டினால் மின்சாரம் கூடும். ஆனால் ஆட்டம் மெதுவாகிவிடுமாதலால் தகட்டையும் தடிப்பாக்க வேண்டும். நுனி நோக்கிக் குறுகும்படி தகட்டை வெட்டினால், வளைவு ஓரிடத்தில் குவியாமல் பரவிப் பீசோப் பொருள் முழுவதும் உழைக்கும். சுற்று மாறினாலும் ஈடுகொடுக்கும் பொருட்டு, பல நீளத் தகடுகளை வரிசையாக அமைப்பதுண்டு. அவற்றுள் ஒன்றிரண்டே ஒரு வேளையில் உழைக்க, மற்றவை சும்மா நிற்கும். இது சிக்கனமான ஏற்பாடாக நமக்குத் தோன்றவில்லை. காந்த முறையே மேல். தகட்டின் நுனியில் ஒரு காந்தமும், எதிரே அதைத் தள்ளும் மற்றொரு காந்தமும் வைப்பார்கள். தகடு நடுவில் நிற்க இயலாமல் இப்புறமும் அப்புறமும் தாவும்; அதிர்வின் வேகம் சற்று மாறினாலும் தாவல் தொடரும். அதிர்வு வலுவற்றதாயின் ஒரு பக்கமே ஒதுங்கி நின்றுவிடும் என்பது இதன் குறை. அதற்காக மோட்டாரின் அஸ்திவார போல்ட்டுகளைத் தளர விட்டுவிடாதீர்கள்!

விற்பனையாளர் எவரேனும் இக்கருவியைக் கொண்டுவந்தால், உச்ச அளவு எத்தனை மில்லிவாட் என்பதோடு நில்லாமல், மோட்டாரின் சுற்று எதிலிருந்து எதுவரை மாறினாலும் அது கிடைக்கும் என்றும், எவ்வளவு வலுவான அதிர்வில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். வோல்டேஜ் குறைந்த வேளையில், உங்கள் மோட்டாரிலேயே பொருத்திக் காட்டிய பின்னரே பஞ்சாயத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.